நூற்றுக்கு ஆறு

துறைமுகத்தில் நாலு தராசு இரவல் வாங்கினோம்.
ஏலம் முடிந்து ஐஸ் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த நேரம்.
ரியாசுதீனின் குட்டியானையில்
சிப்காட் பின்பக்கக் கொட்டகை வந்து சேரும்வரை
வாளை மீன் வாசம்
எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தது.

தரை மட்டமில்லை.
கொத்தனாரின் தண்ணீர்க் குழாயை இழுத்துப் பிடித்து
ஒரு தராசுக்கு அடியில் டைல்ஸ் துண்டு
இன்னொன்றுக்கு ஆட்டின் ராணியும்
மூன்று க்ளாவரும்.
அதன்பிறகே வண்டியைத் தள்ளி ஏற்றினோம்.

வண்டி என்பது
வளைத்துப் பற்றவைத்த பைப் கூண்டு,
ஆம்னியின் எஞ்சின், ஆம்னியின் பின்அச்சு.
இடப்பக்கம் மட்டுமே திரும்பத் தெரிந்த பிராணி.
நேராகப் போகும்போது கொஞ்சம் நொண்டும்.
நொண்டத்தான் வேண்டும்.

தில்லைநாயகி ஹெல்மெட்டோடு ஏறி உட்கார்ந்தாள்.
இந்தக் கணக்கில் அவளும் ஒரு உதிரிபாகம்.
அசையாதே என்றேன்.
எட்டு இட்லி, அதையும் எழுதிக்கோ என்றாள்.

ஒரு ஸ்பிரிங்கின் தலையில் திருகினால்
எதிர்மூலையும் கனக்கும்,
மற்ற இரண்டும் லேசாகும்.
டீக்கடையில் ஆடும் பெஞ்சுக்கு
பீடிக்கட்டு வைத்தவர்களுக்கு இது புரியும்.
நான் இடது பின்சக்கரத்தில் அரைச் சுற்று.
காலிறங்கி நின்று பார்த்துவிட்டு
இன்னும் கால் சுற்று.

முன்னிடது நூற்றிருபத்தெட்டு.
முன்வலது நூற்றுப்பத்தொன்பது.
பின்வலது நூற்றுமுப்பத்திரண்டு.
பின்னிடது நூற்றைம்பத்தொன்று.
ரியாசுதீன் கரித்துண்டால் சுவரில் எழுதி
அடியில் இரண்டு கோடு போட்டான்,
வரவு வைத்த மாதிரி.

சாயங்காலம் கேப்பர் மலை.
முந்திரித் தோப்புக்குப் பக்கத்தில்
தண்ணீர் லாரி நனைத்துவிட்டுப் போன செம்மண்.
முதல் வளைவு நன்றாகத்தான் இருந்தது.
இரண்டாவதில் ஆக்ஸிலேட்டரை மிதித்ததும்
பின்பக்கம் கோபித்துக்கொண்டு
வெளியே கிளம்பியது.
வண்டி தன் வாலையே பார்த்து நின்றது.

ஈரம் அதிகம் என்றான் ரியாசுதீன்.
டயரில் காற்று என்றேன் நான்.
இருவருமே தில்லையின் வலது காலை
ஒரு தடவை பார்த்தோம்.
அவள் பார்த்ததைப் பார்த்தாள்.

ராத்திரி பத்துக்கு மறுபடி தராசு.
அதே எண்கள். கிராம் பிசகவில்லை.
ஸ்பிரிங்கைக் கழற்றி மாட்டினோம்.
புஷ்ஷை நசுக்கிப் பார்த்தோம்.
கொசு. சிப்காட்டின் அழுகிய முட்டை நாற்றம்.
கரண்ட் போய் வந்தது.

தில்லை பேசாமல் போய்
மூலையில் கிடந்த சிமெண்ட் மூட்டையைக்
கட்டிப்பிடித்துத் தூக்கிவந்து
முதல் தராசில் போட்டாள்.
ஐம்பது.
இரண்டாவதில் ஐம்பது. மூன்றாவதிலும்.
பின்னிடது சக்கரம் நின்றிருந்ததில்
ஐம்பத்துமூன்று.

யாரும் சிரிக்கவில்லை முதலில்.

அது சவுரியப்பனின் தராசு.
வஞ்சிரமும் சங்கராவும் அதில் ஏறி இறங்கிய
எத்தனை காலைகள்.
மொய்க்கவர் வாங்காத மனுஷன்,
ஊர்த் தேருக்கு வடம் வாங்கிக் கொடுத்தவன்.
எங்கள் பின்சக்கரம் சொன்ன நூற்றைம்பத்தொன்றில்
ஒன்பது கிலோ
ஒருநாளும் அங்கே இருந்ததில்லை.
அதைத் தேடித்தான் வண்டி சுற்றியிருக்கிறது.

என் காலில் விழுவாயா என்றாள் தில்லை.
ரியாசுதீன் விழுந்தான்.
நான் ஸ்பேனரை எடுத்தேன்.

பொய் எவ்வளவென்று தெரிந்துவிட்டதால்
வேறு தராசு தேடவில்லை.
சுவரில் அந்த மூலைக்கு மேல் எழுதிக்கொண்டோம்:
நூற்றுக்கு ஆறு கழி.
விடியும்வரை திருகினேன், முக்கால் சுற்று, ஒன்று,
பிறகு கொஞ்சம் பின்வாங்கி.
ஞாயிற்றுக்கிழமை மண் என்ன சொல்லுமோ.

நாலரைக்குத் துறைமுகம்.
தராசுகளை இறக்கி வைத்தோம்.
சவுரியப்பன் தன்னுடையதைத் துணியால் துடைத்தான்,
குழந்தைக்கு மூக்கு துடைப்பதுபோல.
"சரியா காட்டிச்சா?"
"எல்லாம் காட்டிச்சுண்ணே."

காசு வேண்டாமென்று சொல்லி
ஒரு கிலோ சங்கரா நிறுத்துக் கொடுத்தான்.
முள் ஆடி நிற்கும்வரை
மூன்று பேரும்
கடலைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.