இருப்பு எடுக்கிற நாள்

பதினொரு வருஷம் கத்தரி பிடித்த கையில்
சாவிக்கொத்தை வைத்துவிட்டு மாக்வாலா சொன்னாள்:
"இனிமேல் தலையைத் தொடாதே, நெஸ்தான்.
தலையை எண்ணு."

தெருவிலிருந்து நாலு படி கீழே எங்கள் சலூன்.
ஜன்னலில் திபிலிசியின் கால்கள் மட்டும் தெரியும்.
பூட்ஸைப் பார்த்தே சொல்லுவேன்
யாருக்கு நுனி வெட்டினால் போதும்,
யார் அழுதுவிட்டு வந்து
"எல்லாத்தையும் எடுத்துவிடு" என்பார்கள் என்று.
இதை மேலாண்மைப் படிப்பில் சொல்லித்தரவில்லை.
பன்னிரண்டு வாரம், செவ்வாயும் வியாழனும்,
கோட்டைக் கழற்றவிடாத வகுப்பறைக் குளிரில்
கற்றதெல்லாம்
காலி நாற்காலி மணிக்கு எவ்வளவு தின்னும்,
ஒரு துண்டைத் துவைக்க என்ன செலவு,
போனவள் ஏன் திரும்பி வரவில்லை என்று
அவளிடமே எப்படிக் கேட்பது.

டிசம்பர் முப்பத்தொன்று.
இந்த ஊரில் ஒருத்தியும் பழைய தலையோடு
புது வருஷத்துக்குள் போகமாட்டாள்.
பத்தரை மணிக்கு மூன்று பேருக்கு ஒரே நாற்காலி,
என் கையெழுத்திலேயே.
பதினொன்றேகாலுக்கு ஐந்து டிரையரும் சேர்ந்து ஓட
ஃபியூஸ் போனது.
ஈரத்தலைகள் இருட்டில் என் பெயரைக் கூப்பிட்டன.
எதேரி வரவில்லை; குழந்தைக்குக் காய்ச்சல்.
கத்தரி கைக்கெட்டும் தூரத்தில்.
கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்,
கண்ணாடிக் கடைக்குள் கூட்டிவந்த பிள்ளை மாதிரி.
ஒருத்திக்குக் காபி கொடுத்தேன்,
ஒருத்திக்குப் பொய்.
தலைக்கு மேல் வேலை என்பார்களே,
அது எட்டு மணி வரைக்கும்.

பிறகு கதவை உள்ளே தாழிட்டு
இருப்பு எடுத்தேன்.
ஐந்தாம் எண் பழுப்பில் மூன்று டியூப் குறைகிறது.
போன மாதம் இரண்டு.
யார் என்று தெரியும்.
ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாத்துனா
க்ல்தானி அடுக்ககங்களின் சமையலறைகளில்
பாதி விலைக்குச் சாயம் பூசுகிறாள்.
தெரியும், ஏனென்றால்
வாடகை ஏறிய வருஷம் அந்தச் சமையலறைகளுக்கு
அவளைக் கூட்டிப்போனதே நான்.

பழைய பேரேட்டை இறக்கினேன்.
அந்த வருஷத்து மார்ச்,
எனக்கு முன்னிருந்த லியானாவின் சாய்ந்த எழுத்து:
ஐந்தாம் எண், நான்கு. காய்ந்துவிட்டது.
ஏப்ரலில் இரண்டு. காய்ந்துவிட்டது.

மூடி திறக்காத டியூப் எப்படிக் காயும்?

எனக்காகக் காய்ந்திருக்கிறது.
ஆகஸ்டில் அவளை அனுப்பும்போது மாக்வாலா சொன்ன காரணம்:
"உன் கையில் எல்லாமே காய்ந்துபோகிறது."
செப்டம்பரில் நான் படிப்பில் சேர்ந்தேன்.
காலியான அந்த இடத்துக்குத்தான்.

"மூன்று" என்று எழுதினேன்.
அடுத்த சொல்லுக்குப் பேனா இறங்கவில்லை.
ஜன்னலில் இரண்டு பூட்ஸ்
குளிருக்கு மாறி மாறித் தரையைத் தட்டிக்கொண்டிருந்தன.
ஒரே மெட்ரோ என்பதால் காத்திருக்கிறாள்.

படியேறினேன். தெருவெல்லாம் பட்டாசுப் புகை.
"வியாழக்கிழமைக்குள் மூன்று டியூபும்
அலமாரியில் இருக்கணும்.
இல்லேன்னா எழுதுவேன்.
காய்ந்ததுன்னு எழுதமாட்டேன்."

ஹாத்துனா கையுறையை மாட்டினாள்.
கழற்றினாள்.
"சரிங்க" என்றாள்.
பதினொரு வருஷம் பக்கத்து நாற்காலியிலிருந்து
என்னை வாடி போடி என்று கூப்பிட்டவள்.

மெட்ரோவில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தோம்.
சுரங்க இருட்டு கதவைக் கண்ணாடியாக்க
அதில் நாங்கள் இரண்டு பேர்.
என் பின்கழுத்து முடி காலருக்குள் இறங்கியிருந்தது.
ஆறு வாரமாயிற்று.
எனக்கு எப்போதும் வெட்டிவிடுகிறவள்
அவள்தான்.