அனுப்பப்பட்டது

உட்துறைமுக வீதிக் கந்தோருக்கு
நான் போனது ஒரு பட்டனுக்காக.
"ஸ்கான் பண்ணினா ஒண்டும் வருகுதில்லை தம்பி,
எட்டு மாசமா" என்றார் பத்மலோஜினி அக்கா,
எட்டு நிமிடம் போல.

கொப்பி மெஷின் யன்னலோரம்.
மூடியின் மேல் பிளாஸ்டிக் பூச்சாடி, வரவுப் புத்தகம்,
யாரோ பாதி கடித்த மாலுபான்.
ஒவ்வொன்றாய் இறக்கி வைத்தேன்.
வெளியே மதிலடியில் இரண்டு புள்ளிமான்கள்
நேற்றைய கழிவுத் தாள்களை மென்றுகொண்டிருந்தன.
இந்த ஊரில் மான்களும் கோப்பு பார்க்கும்.

சின்ன வேலைதான்.
அக்காவின் கணினியில் ஒரு போல்டர்.
அதற்குள் எழுதலாம் என்று ஓர் அனுமதி.
மெஷினுக்கென ஒரு பயனர் பெயர்,
எவருடைய பிறந்தநாளும் அல்லாத பாஸ்வேர்ட்.
பிறகு விலாசம். அங்கேதான் தொல்லை:
ரவுட்டர் ஒவ்வொரு காலையும்
கணினிக்குப் புது இலக்கம் கொடுக்கிறது.
நேற்று இருபத்தேழு. இன்று முப்பத்தொன்று.
மெஷின் போய்த் தட்டும்போது
படலையில் வேறு யாரோ.

"இதுக்கு ஒரு நிரந்தர முகவரி போட வேணும் அக்கா."

கவுண்டரில் நின்றவர் நிமிர்ந்து பார்த்தார்.
சம்பூர் விமலகாந்தன்.
அவருடைய படிவத்தில் அந்தக் கட்டத்துக்குள்
மூன்று வரிகள் வெட்டி
நாலாவது, ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தது.

சோதிக்க ஒரு தாள் கேட்டேன். அதையே நீட்டினார்.
"மூண்டு தரம் இதிலதான் வைச்சவை.
மூண்டு தரமும் வரேல்லையாம்."

கண்ணாடியில் கவிழ்த்தேன்.
பச்சை வெளிச்சம் இடமிருந்து வலம் போயிற்று.
திரை சொன்னது: அனுப்பப்பட்டது.
போல்டரைத் திறந்தேன். வெறுமை.
பார்த்தால், பழக்கதோஷத்தில்
பழைய பட்டனை அமுக்கியிருக்கிறேன்.

பழைய பட்டனின் பெயர் குலவீரசிங்கம்.
"அவர் போன வருசம் வவுனியாவுக்கு மாறிட்டாரே."
மாறியவருக்கு எப்படி அனுப்பப்பட்டது?

வயரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.
சுவரோரம், படிக்கட்டின் கீழே,
தண்ணீர்ப் போத்தல் அடுக்கின் பின்னால்,
களஞ்சிய அறைக் கதவுக்குள் அது நுழைந்தது.
திறப்பு நௌஸாத்திடம். அவர் லுஹர் தொழுதுவிட்டு வரும்வரை
கதவில் காது வைத்து நின்றேன்.
உள்ளே ஒரு விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

விரல் அடையாள மெஷினுக்காக
அணைக்காமல் விட்ட கணினி. மேலே ஒரு துவாய்.
துவாயை எடுத்து, தூசைத் துடைத்து, உள்ளே போனால்
ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு கோப்புகள்.

உறுதிகள். மரணச் சான்றிதழ்கள்.
வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கங்கள்.
மூதூரிலிருந்து, கிண்ணியாவிலிருந்து, தோப்பூரிலிருந்து
பஸ் ஏறி வந்த தாள்கள், திகதிவாரியாக.
விமலகாந்தன் நான்கு தடவை,
கடைசியாக இருபது நிமிடத்துக்கு முன்.
குலவீரசிங்கம் எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்திருந்தார்.
போகும்போது ஒருவருக்கும் சொல்லவில்லை.

அக்கா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.
"மெஷின் பொய் சொல்லேல்ல" என்றார்.
பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு, "எத்தினை பேரைத் திருப்பி அனுப்பினனான்…"
வாக்கியம் அங்கேயே நின்றது.
நௌஸாத் துவாயை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

கோப்புகள் நகர்ந்துகொண்டிருந்தன:
மீதி நாற்பது நிமிடம் என்றது கணினி,
உடனே பதினொன்று என்றது, பிறகு ஐம்பது.
புதுப் பட்டனுக்குப் பெயர் கேட்டேன்.
"ஆளின்ர பேர் போடாதை தம்பி. ஆள் மாறும்."
மெஷினின் விசைப்பலகையில் தமிழ் இல்லை.
கவுண்டர் என்று ஆங்கில எழுத்தில் அடித்தேன்,
ஒரு எழுத்து விடுபட்டது, திருத்தவில்லை.

பில்லில் எழுதினேன்: ஸ்கான் போல்டர் அமைத்தது, ஒன்று.
விமலகாந்தன் இன்னும் வாங்கிலில்.
"அப்ப நான் போகலாமோ? ஒண்டரை பஸ் இருக்கு."
அக்கா எழுந்து கவுண்டரைச் சுற்றி
அவர் இருந்த பக்கம் வந்தார்.
யன்னலுக்கு வெளியே மான் எதையோ விழுங்கிற்று.
அதற்குப் பிரதி இல்லை.