பொய்க்காரத் தோல்மா

வாரத்தில் ஆறு நாள்
என் கையில் ஊதா மை முத்திரை.
கொக்கியில் தொங்கும் தொடையில் ஒன்று, விலாவில் ஒன்று.
ஈரலைப் புரட்டி, நிணநீர்க் கணுவைக் கீறிப் பார்த்து
'உண்ணத் தகுந்தது' என்று குத்துவேன்.
கால்நடை மருத்துவம் படித்தவள்;
உயிரோடு ஒரு மாட்டைத் தொட்டுப் பல வருஷம்.

இன்று ஏழாம் நாள்.
துன்ஜாயிடம் பந்தயம் தோற்ற நாள்.
எங்கள் அணி கடைசி நிமிடத்தில் கோல் வாங்கிக்கொண்டது,
தண்டனை எனக்கு:
விடிந்ததிலிருந்து படுக்கும்வரை
உயிருள்ளது எதுவும் தந்தது வாயில் படக்கூடாது.
வீட்டில் சமைக்கக் கூடாது. கடையில்தான். ரசீதோடு.
"தேனுமா?" என்றேன்.
"தேனீயைக் கேட்டுவிட்டு வா" என்றான்.

காலை, கடிக்கோய் படகுத்துறை.
எள் அப்பிய சிமித் வளையங்கள் அடுக்கிய வண்டி.
"மேலே பால் தடவுவீர்களா?"
வளையத்தின் ஓட்டை வழியாக என்னைப் பார்த்தான்.
"திராட்சைப் பாகு, அக்கா.
பால் தடவ நான் என்ன பாஷாவா?"
படகில் பாலில்லாத தேநீர்; இங்கே அது எப்போதும் அப்படித்தான்.
பாதி சிமித்தைக் கடற்புறாக்கள் பறித்துக்கொண்டன.
அவற்றுக்குப் பந்தயம் ஏதுமில்லை.

நண்பகல், எமினோனுவில் ஒரு பின்சந்து.
கண்ணாடிக்குப் பின்னால் ஆவி பறக்கும் தட்டுகள்.
"பருப்பு சூப்பில் இறைச்சி உண்டா?"
"சேச்சே, இறைச்சியே இல்லை.
அதன் தண்ணீர் மட்டும்."
"சோறு?"
"வெறும் சோறு."
"வெண்ணெய்?"
"வெண்ணெய் போடாவிட்டால் அது அரிசியல்லவா?"
வெள்ளை பீன்ஸ் வாங்கிக் கரண்டியால் துழாவினேன்.
தசைக்குள் புழுவின் முட்டைப்பை தேடிப் பழகிய கண்;
அடியிலிருந்து கிளம்பி வந்தது
நகமளவு உப்புக்கண்டம்.
"அது வாசனைக்கு" என்றார் பரிமாறியவர்.
பிறகு குரலைத் தாழ்த்தி,
"டாக்டர் என்ன சொல்கிறார், குடலா? ரத்த அழுத்தமா?"
காசு வாங்காமல் ரொட்டியும் ஊறுகாயும்
ஒரு முழு வெங்காயமும் கொண்டுவந்து வைத்தார்.
என் தோளில் லேசாகத் தட்டிவிட்டுப் போனார்.
ரசீது கேட்க மனம் வரவில்லை.

மூன்று மணிக்குப் பசி. நேர்மையான பசி.
சீ கொஃப்தே கடை: பெயருக்குப் பச்சை இறைச்சி உருண்டை என்று பொருள்.
பச்சை இறைச்சியைக் கடையில் விற்காதே என்றது சட்டம்,
இறைச்சி போய்விட்டது, பெயர் போகவில்லை.
உள்ளே கோதுமை நொய், மிளகாய் விழுது, மாதுளைப் புளிப்பு.
கீரை இலையில் சுருட்டி ஏழு தின்றேன், எட்டாவது கணக்கில் இல்லை.
ஒவ்வொன்றிலும்
பிசைந்து பிடித்தவனின் நான்கு விரல் தடம்.
அதுவும் ஒரு முத்திரைதான்.
யாரும் அவனுக்கு உரிமம் தரவில்லை.

இரவு, ஜிஹாங்கிர் மேட்டில் வீகன் உணவகம்.
காளான் தோனர் சுற்றிக்கொண்டிருந்தது,
புகை மட்டும் அசல்.
பக்கத்து மேசையில் பெர்ஃபின் என்றொருத்தி,
காலடியில் மூன்றுகால் நாய்.
"நீங்கள் என்ன வேலை?"
"உணவு ஆய்வு."
"அருமை" என்றாள்.
நாய் எழுந்து வந்து என் காலணியை முகர்ந்தது.
வெகுநேரம் முகர்ந்தது.

திராட்சை இலைச் சுருள்கள் வந்தன.
அரிசி, பைன் பருப்பு, உலர் திராட்சை, எலுமிச்சை.
இறைச்சி வைக்காத தோல்மாவுக்கு
எங்கள் மொழியில் பொய்க்காரன் என்று பெயர்.
தட்டில் ஆறு பொய்கள், ஆலிவ் எண்ணெயில் மினுங்கிக்கொண்டு.
எடுக்க நீட்டிய விரலைப் பார்த்தாள் அவள்.
நகக்கண்ணில் ஊதா.
"ஓவியரா நீங்கள்?"

வாய் நிறைய இருந்தது.
தலை தானாக ஆடியது.

துன்ஜாய் கேட்டிருந்தான்: 'செத்துவிட்டாயா?'
மூன்று ரசீதுகளைப் படம் பிடித்து அனுப்பினேன்.
'பசிக்கிறதா?'
இல்லை என்று அடித்தேன்.
அழித்தேன்.
'கொஞ்சம்' என்று அனுப்பினேன்.

மீந்த ஒன்றைக் காகிதத்தில் மடித்துப் பைக்குள் வைத்திருக்கிறேன்.
காலை ஐந்து மணிக்கு, குளிர்ந்த கூடத்தில்,
முதல் லாரி வருமுன்
காகிதத்தின் மேல் முத்திரை குத்தி
அவனிடம் கொடுக்க வேண்டும்.