இரண்டாவது மாத்திரை

முதலில் இடது கட்டைவிரல் துடிக்கும்.
பிறகு ரப்பர் கருகும் வாசம்,
வேறு யாருக்கும் வராத வாசம்.
அதற்கப்புறம் நான் இல்லை.
ஒன்றரை நிமிஷம் என்பாள் சீனியம்மாள், கைப்பேசி பார்த்து.
மண்வெட்டியைப் பிடித்த கை பிடித்தபடி,
வாய் மட்டும் எதையோ மெல்லுமாம்.

வாலிநோக்கம் உப்பளத்தில் பதினாறு வருஷமாய்
மடை பார்க்கிறவன்.
அதனால் பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னது
சட்டென்று பிடிபட்டது:
நரம்பிலும் மடை உண்டு, உப்பு நுழையும் மடை.
ஓயாமல் திறந்து மூடினால் வலிப்பு.
மூடிய மடையை உடனே திறக்கவிடாமல்
பிடித்து வைக்கிறது முதல் மாத்திரை.

பிடித்தது. வாரம் மூன்று, வாரம் ஒன்றானது.
அதற்கு மேல் அசையவில்லை.
டோஸைக் கூட்டினால் வரப்பு இரண்டாகத் தெரிகிறது,
எதில் கால் வைக்க?
மாசியில் ரத்தம் எடுத்துப் பார்த்து
சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்:
"உங்க உடம்புல உப்பு கம்மி."
புருவத்தில் உப்பு, சட்டையில் உப்பு,
டிபன் டப்பா மூடியில் உப்பு,
நான் அவர் முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

ஆக, துணைக்கு இன்னொன்று.
மருந்துக்கடை ஹமீது சுல்தான்
அதன் பெயரைப் பாதியில் நிறுத்தி
"அதுதானே" என்பார்.
மடைப் பக்கமே போகாதாம் இது.
சேதியைச் சாக்குக் கட்டி
அடுத்த நரம்புக்கு ஏற்றிவிடும் முனையில்
சாக்கிலேயே ஒட்டிக்கொண்டு
லோடைத் தாமதப்படுத்துமாம்.

கோபம் வரலாம் என்றும் சொல்லியிருந்தார்.
வந்தது.
குழம்பில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளினேன்.
சிந்தியதை அவள் துடைக்கவில்லை.
காலண்டரில் வலிப்புக்கு வட்டம் போடுகிறவள்
அன்றைக்கு ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

ஆவணியில் வட்டம் ஒன்று. பெருக்கல் ஒன்பது.
"எது குறையணும்?"
டாக்டரம்மா என்னைக் கேட்கவில்லை.
"வட்டம் வந்தா நான் பிடிச்சுக்குவேன்," என்றாள்,
அவ்வளவுதான் சொன்னாள்.

இப்போது வேறொரு துணை.
கால் மாத்திரை, அரை மாத்திரை என்று
வாரக்கணக்கில் ஏற்றவேண்டும்,
அவசரப்பட்டால் தோல் தடிக்கும்.
பழைய மாத்திரை ஈரலைத் தூண்டி
புதியதைச் சீக்கிரம் கரைத்துவிடுமாம்,
எனவே போகப்போக எனக்குக் கூடுதல் வேண்டியிருக்குமாம்.
வீட்டுக்குள்ளே போட்டி மாதிரிதான்.

கீழ்ப்பாத்திக்கு நாளைக்குத் தண்ணீர்.
தனியாக விடுவதில்லை, அந்தோணிராஜ் கூட வருவான்.
மண்வெட்டி அவன் கையில்.
எப்போது வெட்டுவது என்று மட்டும்
நான் சொல்வேன்.