ஏழாம் எண்ணின் பொட்டு

மாதத்தின் கடைசி வெள்ளி,
மாலை ஐந்திலிருந்து ஒன்பது வரை
டுலூத் நகரத்தார் மலையிறங்கி எங்கள் தெருவுக்கு வருவார்கள்,
கையுறைக்குள் மடித்த வரைபடத்தோடு.
ஒன்றாம் எண், நிஜமான ஓவியக்கூடம்.
இரண்டில் சட்டம் போடுகிறவர்.
ஐந்து, தூண்டில் கடை:
புழு வைத்த குளிர்பெட்டிக்கு மேலே நீர்வண்ணங்கள்.
பதினொன்று நான்.
காசு போட்டால் துவைக்கும் கடை.

கலைக்கும் எனக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.
சுவர் சும்மாதானே இருக்கிறது என்றார்கள்,
ஆணி அடித்துக்கொள்ளுங்கள் என்றேன்.
ஜனவரியில் என் கடையில்தான் கூட்டம் அதிகம்.
காரணம் எனக்குத் தெரியும்:
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு,
உள்ளே பன்னிரண்டு உலர்த்திகள்.
கண்ணாடி போட்டவர்கள் எல்லோரும்
வாசலில் ஒரு நிமிடம் குருடாகி நின்று
பிறகுதான் கலையைப் பார்க்கிறார்கள்.

இந்த மாதம் மார்லிஸ் கோய்விஸ்டோ.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
ஓட்டுகிற இருக்கையிலிருந்து தெரிவதை மட்டும் வரைவாள்:
விடியாத நிறுத்தங்கள், உதிரும் பிர்ச் மரங்கள்,
வாரி ஒதுக்கிய பனிமேட்டில் ஒற்றைக் கையுறை.
ஒன்பது படங்கள். குழந்தை ஒன்றுகூட இல்லை.
"பேர் வைக்கலையா?"
"நிறுத்தத்துக்கு நம்பர் இருக்கே."

ஏழு மணி. ஏழரை.
பாலாடைக்கட்டி தீர்ந்தது.
தூண்டில் கடையில் மூன்று விற்றுவிட்டதாம்,
யாரோ வந்து சொல்லிவிட்டுப் போனார்கள்.
அவள் சிரித்தாள்.
கழுத்துத் துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.
நான் சில்லறை எண்ணுகிறேன் என்று நினைத்திருப்பாள்,
ஏழாம் எண் இயந்திரத்திடம் போய்
அதன் நெற்றியில் நான் ஒட்டிய சிவப்புப் பொட்டை
நகத்தால் உரித்து
நாலாவது படத்தின் ஓரத்தில் ஒட்டினாள்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.
ஓவியக்கூடத்தில் சிவப்புப் பொட்டு என்றால்
விற்றாகிவிட்டது.
என் கடையில் என்றால்
காசைப் போடாதே, பழுது.

பார்த்தும் பார்க்காதவனாய் இருந்தேன்.
எண்ணிக்கை தப்பி
முதலிலிருந்து எண்ணினேன்.

எட்டு மணிக்கு ட்வேன் ஹாபாலா வந்தான்.
தாதுக் கப்பலில் வேலை. ஏரி உறைந்தால் வீடு.
வரைபடம் இல்லை அவனிடம்,
துவைக்க ஒரு போர்வை இருந்தது.
நாலாவது படத்தின் முன் நின்றவன்
மூட்டையைக் கீழே வைக்கவே இல்லை.
"இது என் தபால்பெட்டி," என்றான்.
"பதினாறு வருஷமா
அக்டோபர்ல என் வீட்டை நான் பார்த்ததே இல்ல.
இவ்வளவு மஞ்சளா அது?"
பிறகு பொட்டைப் பார்த்தான்.
"ஓ. யாரோ எடுத்துட்டாங்க."

போர்வையை ஏழாம் எண்ணில் திணித்தான்.
காசு போட்டான்.

நாலு நிமிடம்.
நுரை சத்தமில்லாமல்தான் வந்தது,
தண்ணீர் அப்படி வரவில்லை.
ரசிகர்கள் பூட்ஸோடு
மடிப்பு மேசைமேல் ஏறினார்கள்.
ஒரு பெண்மணி கைதட்டினாள்,
இதுவும் கலை என்று நினைத்திருக்க வேண்டும்.

மின்சாரத்தை நிறுத்தினேன்.
இன்னொருவன் காசு போடுமுன்
ஏழுக்கு ஒரு பொட்டு வேண்டும்.
இழுப்பறையில் ரப்பர் பேண்டு, பழைய சாவி, பித்தான்கள்.
கடையில் மிச்சம் இருந்தது
ஒரே ஒரு பொட்டு.

ஈரக்காலோடு நடந்து போய்
நாலாவது படத்திலிருந்து அதை உரித்தேன்.
யாரும் பேசவில்லை.
மார்லிஸின் காதுகள்
பொட்டின் நிறத்துக்கு வந்தன.
பசை பாதி போயிருந்தது,
எச்சில் தொட்டு ஏழின் நெற்றியில் அழுத்திவிட்டு
துடைப்பத்தை எடுத்தேன்.
திரும்பிப் பார்க்கவில்லை.
முதுகுக்குப் பின்னால்
போர்வையைப் பிழிகிற சத்தம், நின்றது.

ட்வேன் கேட்டான்:
"அப்போ அந்த அக்டோபர்
இன்னும் யாருக்கும் போகலையா?"