எண்பத்தெட்டாம் வரி

டோர்ஸ்ஹாவ்ன் துறைமுகத்தில்
பிப்ரவரி மழை பக்கவாட்டில் பெய்கிறது.
மீன்வள நிலையத்தின் மூன்றாம் மாடியில் ரன்வா
ஒரே கணக்கை ஐந்தாம் முறை ஓட்டுகிறாள்.

அறிக்கையில் அச்சாகி இருப்பது 0.31.
திரையில் வந்து நிற்பது 0.44.

நிரல் அதே நிரல்; ஒரு காற்புள்ளி மாறவில்லை.
தரவும் அதேதான்:
ஆறு ஆண்டுகளுக்கு முன்
ஹாடக் மீன்குஞ்சுகளைத் தேடி
ஆய்வுக் கப்பல் வலை இழுத்த
இருநூற்றுப் பன்னிரண்டு இடங்கள்.
மாறியது கணிப்பொறிதான்.
அதற்குள் ஆர் மொழி சட்டை உரித்திருந்தது.
பழைய தொகுப்புகள் எழுந்து போன நாற்காலிகளில்
அதே பெயரோடு
வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

எழுதியவன் ஹ்யால்டி.
இப்போது வடக்குத் தீவில் சால்மன் பண்ணைக் கணக்கு பார்க்கிறான்.
தொலைபேசியில் சிரித்தான்:
"என் மடிக்கணினியில் ஓடியதே!"
அந்த மடிக்கணினி
காப்பி குடித்துச் செத்து நாலு வருஷம்.
"பொறு, போகிற வாரம் எல்லாவற்றையும்
ஒரு கண்டெய்னரில் போட்டு மூடினேன்.
சர்வரில் தேடு. பெயர்:
கடைசி, அடிக்கோடு, நிஜமாகவே கடைசி."

கலம் என்றால் என் மொழியில் பாத்திரம்.
கலம் என்றால் கப்பல்.
நெல் அளக்கிறவர்களுக்கு அது ஓர் அளவு.
இதை எந்தக் கலம் என்பது?
ரன்வாவுக்கு அந்தக் கவலை இல்லை.
ஒற்றை வரிக் கட்டளை தட்டினாள்.

உள்ளே அன்றைய ஆர் இருந்தது.
அன்றைய நூலகங்கள், அன்றைய நேர மண்டலம்,
எழுத்துகளை வரிசைப்படுத்தும் அன்றைய பழக்கம்கூட.
வெளியே காலம் எத்தனை முறை புதுப்பித்துக்கொண்டாலும்
உள்ளே ஒரே செவ்வாய்க்கிழமை.

ஓட்டினாள்.
0.31.

அடுத்த மேசை சுன்வா ஓடி வந்தாள்.
இருவரும் அதிமதுர மிட்டாயைப் பங்கிட்டுத் தின்றார்கள்.
ஒரு பழைய எண் உயிரோடு திரும்பினால்
இந்தத் தொழிலில் அதுதான் விருந்து.

விருந்து முடிந்ததும்தான் கேள்வி வந்தது:
அப்படியானால் 0.44 யாருடையது?

எண்பத்தெட்டாம் வரி.
ஆழம் எழுத வேண்டிய கட்டத்தில்
குளிரில் விறைத்த விரல் ஒன்று
எண்ணுக்குப் பதில் தட்டியிருந்தது:
கேபிள் அறுந்தது.

எண்களின் நடுவே ஒரு சொல்.
பழைய ஆர் அதைக் கண்டதும்
பத்தி முழுவதையும் சொற்கள் என்று எடுத்துக்கொண்டது.
அகராதியில் அடுக்கியது.
120க்குப் பின்னால் நின்றது 90,
ஒன்று ஒன்பதுக்கு முந்தியது என்பதால்.
பிறகு எண் கேட்டபோது
ஆழத்தைத் தரவில்லை, வரிசையில் நின்ற இடத்தைத் தந்தது.
இப்படியாக ஒரு கடலின் பள்ளமெல்லாம் மேடாகி
மேடெல்லாம் பள்ளமாகி
யாரும் நனையாமல் கவிழ்ந்தது.

புதிய ஆர் அந்தச் சொல்லை மட்டும் வெற்றிடமாக்கி
மற்றதைச் சரியாகக் கணக்கிட்டிருக்கிறது.
சிவப்பில் எச்சரித்தும் இருக்கிறது,
ஐந்து முறை.
ஐந்து முறையும் ரன்வா அதைத் தாண்டிக் கீழே உருட்டியிருந்தாள்.

கலம் பொய் சொல்லவில்லை.
போட்டதைக் கொடுத்தது,
பிழையைத் துளி சிந்தாமல்.

ஹ்யால்டியை மறுபடி அழைத்தாள்.
இந்த முறை சிரிப்பு இல்லை.
வெகுநேரம் கழித்து, "எந்த வரி?" என்றான்.
சொன்னாள்.
"அன்று வலையில் நான்தான் இருந்தேன்," என்றான்.

0.31ஐ நம்பி
ஒரு பருவம் முழுக்கப் படகுகள் கட்டிக் கிடந்தன.
நாளை ஒன்பது மணிக்குக் கூட்டம்.
படகுக்காரர்கள் சார்பில் தும்மாஸ் வருவார்,
ஈரத் தொப்பியை மேசைமேல் வைப்பார்.

இரவு ரன்வா புதிதாக ஒரு கலம் கட்டினாள்.
வரியைத் திருத்தி, பதிப்பு எண்களைப் பூட்டி, மூடினாள்.
பழையதை அழிக்கக் கை போனது.
அழிக்கவில்லை.
இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள்.

புதியதற்குப் பெயர் கேட்டது கணிப்பொறி.
கடைசி என்று தொடங்கி
அடித்துவிட்டு
தேதியை மட்டும் எழுதினாள்.