முக்காலில் எத்தனை அரைக்கால்

மண்டபம் ஒன்றியக் கணிதப் பயிற்சி, இரண்டாம் நாள்.
வடக்குச் சன்னல் வழியே வாடைக்காற்று
வருகைப் பதிவேட்டைத் தானே புரட்டிக்கொண்டிருந்தது.
நாற்பது ஆசிரியர்கள். பாதிப் பேர் கைப்பேசியில்,
மீதிப் பேர்
தேநீரோடு வடை உண்டா என்ற விசாரணையில்.
நான் மூன்றாம் வரிசை.
தங்கச்சிமடம் நடுநிலைப் பள்ளி, இருபத்திரண்டு ஆண்டு,
இடது முழங்காலில் வலி.

கருத்தாளர் உள்ளே வந்தார்.
செருப்பை வாசலில் விட்டு
ஈரத்தில் நடப்பதுபோல் பாதம் தூக்கி வைத்த விதத்தில்
தெரிந்துவிட்டது எனக்கு.
நம்புசெல்வி.
ஏழாம் வகுப்பு ஆ பிரிவு, சன்னலோரம்.
சனி ஞாயிறு அம்மாவோடு பாசி எடுத்துவிட்டு
திங்களன்று
ஊறி வெளுத்த விரலில் பேனா நழுவ நழுவ எழுதியவள்.

என்னை அவள் பார்க்கவில்லை. அல்லது
பார்த்தும் நாற்பதில் ஒருத்தியாக விட்டுவைத்த நாகரிகம்.

பலகையில் எழுதினாள்:
முக்கால் வகுத்தல் அரைக்கால்.
"என்ன செய்வோம்?"
எல்லோரும் ஒரே குரலில்,
தலைகீழாக்கிப் பெருக்கு.
என் குரலும் அதில் இருந்தது, கொஞ்சம் உரக்கவே.
"சரி. ஏன்?"

வெளியே ஐஸ் லாரி ஒன்று பின்னால் வரும் சத்தம்.
வேறொன்றும் இல்லை.

இந்த ஏன் எனக்குத் தெரியும்.
பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எழுந்து நின்றது,
ஒரு பக்கம் அவிழ்ந்த ரிப்பனோடு.
ஏன் டீச்சர், எதுக்குத் தலைகீழா மாத்தணும்?
அரையாண்டுக்கு ஒன்பது நாள். மூன்று பாடம் பாக்கி.
அது அப்படித்தான், உட்கார் என்றேன்.
அவள் உட்கார்ந்தாள்.
கேள்வி உட்காரவில்லை போலிருக்கிறது.

பையிலிருந்து பச்சை நைலான் கயிறு எடுத்தாள்.
பாசி மிதவைக்குக் கட்டும் அதே கயிறு, முக்கால் மீட்டர்.
ஒரு முனையை சீனி உதுமான் சாரிடம் நீட்டி
"அரைக்கால் அரைக்காலா குறி வைங்க சார்."
சிவப்புப் பேனா ஊர்ந்தது.
ஆறாவது குறி கயிற்றின் நுனியில் விழுந்தது.
"முழு மீட்டர்ல எட்டு இருக்கும்.
நம்மகிட்ட இருக்கிறது முக்கால். அதான் எட்டுல முக்கால், ஆறு.
நாம பெருக்குற எட்டு எங்கிருந்து வந்துச்சுன்னு
இப்பத் தெரியுதா?"

ஓய்வுக்கு இரண்டு மாதமே இருக்கும் பிலோமினா டீச்சர்
'அட' என்றார்,
வடை வந்ததுபோல.

பக்கத்து இருக்கையில் திரும்பி
என் பிள்ளை என்று சொல்ல வாய் திறந்து
மூடிக்கொண்டேன்.
எந்த உரிமையில்?
நான் கொடுத்ததில்லையே அது.
நான் இல்லையென்று சொன்ன மணலில்
அவளாகத் தோண்டி எடுத்த நல்ல தண்ணீர்.
ஆனாலும் பெருமை
பட்டா சிட்டா பார்த்தா வருகிறது?
அது பாட்டுக்கு வந்து
மூன்றாம் வரிசையில் என்னை நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தது.

தேநீர் நேரத்தில் வந்தாள்.
"முழங்காலுக்கு என்ன டீச்சர்? கைப்பிடியப் பிடிச்சு ஏறினீங்க."
பார்த்திருக்கிறாள், முதலிலேயே.
"அன்னைக்கு நீ கேட்டியே,
எனக்கும் தெரியாதும்மா" என்றேன்.
டம்ளரின் சூடு தாங்காமல் கை மாற்றினேன்.

"தெரியும் டீச்சர்" என்று சிரித்தாள்.
"உட்காருன்னு சொல்லிட்டு
பலகையப் பாத்துக்கிட்டு ரொம்ப நேரம் நின்னீங்க.
டீச்சரே நிக்கிறாங்கன்னா
பெரிய கேள்விதான் போலன்னு நெனச்சேன்."

நான் நின்றேனா?
நினைவில்லை.

அடுத்த மாதம் புனே போகிறாளாம், ஆராய்ச்சிக்கு.
குளிருமே என்றேன். வேறென்ன சொல்ல.
அவளுடைய மாற்றுச் சான்றிதழில்
'நடத்தை: நன்று' என்று எழுதியது நான்தான்.
கட்டம் அவ்வளவுதான் இருந்தது.
நாளை என் பயிற்சிச் சான்றிதழில்
அவள் கையெழுத்திடுவாள்.

பேருந்து பாம்பன் பாலத்தில் ஏறியபோது
காற்று சீட்டையே அசைத்தது.
இரண்டு பக்கமும் கடல். எது பாதி, எது முக்கால்
என்று யாரும் குறி வைக்காத கடல்.
நாளைக்குச் சீக்கிரம் கிளம்ப வேண்டும்.
சன்னலோர இடம் பிடிக்க வேண்டும்.